துரைக்குப் போட்ட தரை

டைல்ஸ்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது தரையைத்தான். "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று வீட்டுக்காரர் வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கால் பெருவிரலால் இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற இணைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். மனுஷன் முகமெல்லாம் அப்புறம்தான். இருபத்தெட்டு வருஷத் தொழில், பழக்கம் லேசில் விடுமா? மண்டி போட்டு மண்டி போட்டு இரண்டு முழங்காலும் காய்த்துப் போயிருந்தன. ரசமட்டத்துக்குள் ஓடுகிற குமிழி நட்டநடுவில் வந்து நின்றால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். தண்ணீர் வடிய வைக்கிற சாய்வை வாட்டம் என்பார்கள். அவர் வைத்த வாட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி யாரும் பார்த்ததில்லை. தரை விஷயத்தில் ஆளைக் குறை சொல்ல முடியாது. மற்ற விஷயங்களில் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும், போகட்டும்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒருநாள் காலையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அவர் மகள் கேட்டாள்:

"அப்பா, துரை கூண்டுல கீழ என்ன போடலாம்?"

கேள்வி சின்னதுதான். ஆனால் பதினோரு மாசமாக அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சு என்ன தெரியுமா? "சாப்பாடு மேஜைமேல இருக்கு." "கதவச் சாத்திக்குங்க." "வர நேரமாகும்." அவ்வளவுதான். அதுவரை அப்பாவை நீ, வா, போ என்று உரிமையோடு அதட்டிக்கொண்டிருந்த பெண், அம்மா போன மறுவாரத்திலிருந்து நீங்க, வாங்க, போங்க என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த மரியாதை அவரை வதைத்தது. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பார்.

துரை என்பது ஒரு பச்சோந்தி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தரை வேலைக்குப் போன ஒரு வீட்டில், வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிற அவசரத்தில், கட்டைவிரல் நீளக் குட்டியையும் அதன் வலைக்கூண்டையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கெதுக்கு இந்தச் சனியன் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் தூக்கி வந்தார். அவர் மனைவிக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று நாலு தரம் ஆட்டி யோசித்துவிட்டு அது அடி எடுத்து வைக்கிற தோரணையைப் பார்த்து, "அடேங்கப்பா, பெரிய துரை! நடையப் பாரேன்" என்றாள். அன்றிலிருந்து அதற்குத் துரை என்றே பேர் நிலைத்துவிட்டது.

தினமும் காலையில் கூண்டுச் செடிகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே அதனிடம் ஊர்க்கதை பூராவும் பேசுவாள். "இந்த வீட்டுல நான் சொல்றத காது குடுத்துக் கேக்கறது இது ஒண்ணுதான்" என்பாள்.

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "ஐயோ அம்மா, பச்சோந்திக்கு வெளிக்காதே கிடையாதும்மா!"

"அதுக்கே இவ்வளவு கேக்குது பாரு" என்று புருஷனை ஓரக்கண்ணால் பார்ப்பாள் அவள்.

அந்த அம்மாள் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மேலே போக முடியாது. குளியலறைத் தரையை மாற்ற வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கடை கடையாக ஏறி இறங்கி, சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்தாள். டைல்ஸ்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது மாட்டுக்கொட்டகைக்குப் போடற கல்லு. டைல்ஸ்காரன் வீட்டுல இதப் போட்டா நாலு பேரு சிரிப்பான்" என்று அதை வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்துவிட்டார். அவர் போட்டது பளபளவென்ற வெள்ளைக் கல். குனிந்தால் முகம் தெரியும். "வழுக்குமேங்க" என்றாள். "நான் போட்ட தரையில இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் விழுந்ததில்ல" என்றார் இவர். மூன்றாவது வாரம் அவள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாக நாற்பது நாள் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, ஒரு மத்தியானம் மூச்சு நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் சொன்னது ஒரே ஒரு வரிதான்.

"அம்மா சொன்னாங்கல்ல."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதினோரு மாசமாகியும் சொல்லவில்லை. வெள்ளைத் தரையின் மேல் ஒரு ரப்பர் விரிப்பு வந்து படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். தரையைப் பெயர்த்து எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெயர்த்தால், தப்பு என்மேல்தான் என்று வாயைத் திறந்து சொன்ன மாதிரி ஆகிவிடுமே! அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டைக்குழியில் சிக்கிக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் கிடந்தது. அந்த வீம்பை என்னவென்று சொல்வது? வெளியே வீம்பு, உள்ளே பயம்.

இப்போது கூண்டு விஷயம். கூண்டின் அடியில் மரப்பட்டைச் சில்லு பரப்பியிருந்தது. முந்தின நாள் துரை ஒரு சில்வண்டைக் குறி பார்த்து நாக்கை வீச, வண்டோடு ஒரு பட்டைச் சில்லும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய்விட்டது. மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கை நடுங்காது. இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டாள். அப்புறம் விலங்கு டாக்டருக்குப் போன் போட்டாள். "உதிரியா என்ன இருந்தாலும் எடுத்துடுங்க. முழுங்குச்சுன்னா குடல் அடைச்சுக்கும், அவ்வளவுதான்" என்று டாக்டரம்மா போனிலேயே சொன்னார்.

"அடுத்த வாரம் எனக்கு ஒம்பது நாள் ட்ரெய்னிங், வெளியூர்ல. நீங்கதான் அதப் பாத்துக்கணும்" என்றாள் மகள். "அதுக்குள்ள தரைய மாத்தணும். எதுவும் ஒட்டிட்டு வரக்கூடாது, வாடை இருக்கக்கூடாது, ஈரம் தங்கக்கூடாது. உங்களுக்குத் தெரியுமே, தரை."

"தெரியும்."

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "அம்மாவோடதுன்னு உசுரோட இருக்கறது அது ஒண்ணுதாம்ப்பா."

டைல்ஸ்காரர் தலையை ஆட்டினார். இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும், இதில் கோட்டை விட்டால் இந்தப் பெண் இனிமேல் தன் பக்கம் திரும்பவே மாட்டாள் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அன்றைக்கு வேலை நடந்த இடத்திலேயே ஆரம்பித்துவிட்டார். கிடைத்த மிச்சம் மீதியை எல்லாம் பொறுக்கிப் பரப்பினார். வினைல் விரிப்பில் ஒரு துண்டு, தக்கைப் பலகை, செயற்கைப் புல், ஒரு கை கூழாங்கல். கூட வேலை பார்க்கிற பூச்சுக்காரர் கரண்டியும் கையுமாகச் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"என்னய்யா கடை விரிச்சுட்ட?"

"பச்சோந்திக்குத் தரை போடணும்."

பூச்சுக்காரர் அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். "மரத்துல தொங்கற ஜீவனுக்கு எதுக்குய்யா தரை? மீனுக்குக் குடை வாங்கித் தருவியா?"

டைல்ஸ்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் அடக்கினார். நன்றாக ஊறினதும் வெளியே எடுத்து, நூலில் கட்டி, கூழாங்கல்லின் மேல் வீசினார். பச்சோந்தியின் நாக்கு உடம்பு நீளத்துக்குப் பாயும், நுனியில் பசை. அந்த நாக்குக்கு இந்த மிட்டாய்! கூழாங்கல்லில் பொடிசாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. தள்ளு. புல்லில் இரண்டு பச்சை இழை வந்தது. தள்ளு. தக்கையில் துகள் துகளாக வந்தது. ஒவ்வொரு தடவையும் மிட்டாயைக் கழுவி, திரும்ப வாயில் போட்டு ஊற வைத்து வீசினார். ஐம்பத்து மூன்று வயசு ஆள்! பூச்சுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வினைலில் ஒன்றும் ஒட்டவில்லைதான், ஆனால் விளக்குச் சூட்டில் காட்டினதும் வாடை மூக்கைத் துளைத்தது. அதுவும் தள்ளு.

கடைசியில் மிஞ்சினது கல்தான். ஒரே துண்டாக, இணைப்பே இல்லாத ஒரு கல். கழுவலாம், துடைக்கலாம், உதிராது. பளபளப்பான கல் பக்கம் அவர் கை போகவே இல்லை. ஏதோ ஒன்று தட்டுப்பட்ட மாதிரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார், பின்பக்கம் போனார். மனைவி கொண்டுவந்த அந்தச் சாம்பல் கல் சாய்த்துவைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. கழுவித் துடைத்து, மிட்டாயை வீசினார். ஒன்றும் ஒட்டவில்லை. தண்ணீரை ஊற்றி உள்ளங்கையால் இழுத்தார். கை வழுக்காமல் பிடித்து நின்றது. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே குத்த வைத்திருந்தார்.

மூன்று நாள் வேலை. அளந்து வெட்டி, நாலு ஓரத்தையும் தேய்த்து மழுக்கி, நூல் பிடித்த மாதிரி மெல்லிய வாட்டம் கொடுத்து, மூலையில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டு, அடியில் ஒரு தட்டு வைத்தார். அந்த மூன்று நாளும் மனுஷன் சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்லலாம். பூச்சுக்காரரிடம் பதிலுக்குப் பதில் கிண்டல்கூடப் பேசினார்.

மகள் வந்து கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டுக் கல்லைத் தடவினாள். தடவின கை அப்படியே நின்றது.

"இது அம்மா கொண்டாந்த கல்லுதானே?"

"ஆமா."

"வழுக்காதுல்ல?"

"வழுக்காது."

அன்று அவருக்கு மட்டும் தட்டு வைத்துவிட்டு உள்ளே போகாமல், தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கடையில் யாரோ தூக்கமாத்திரை கேட்டுத் தகராறு செய்த கதையைச் சொன்னாள். ஊருக்குக் கிளம்புகிறவரை ஐந்து நாளும் அப்படித்தான், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாயால் சொல்ல வேண்டியதைக் கல்லால் சொல்லி முடித்துவிட்டோம் என்று டைல்ஸ்காரர் நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் குறுக்குவழியில் எப்போதும் ஒரு ஆசை உண்டு.

அவள் போன இரண்டாம் நாள் துரை தரைக்கு இறங்கியது.

அது இறங்குகிற ஜாதியே இல்லை. பிறந்ததிலிருந்து கிளையில்தான் வாசம். டைல்ஸ்காரர் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். தரை பிடித்துவிட்டதாம்! உடம்பெல்லாம் மஞ்சளும் நீலமுமாகப் புதுசாய்ப் பொட்டுப் பொட்டாய் நிறம் வேறு ஏறியிருந்தது. "என்ன துரை, தரையப் பாத்து அலங்காரமா?" என்று கேட்டார். மனைவி போன பிறகு அதனிடம் அவர் பேசின முதல் வார்த்தை அதுதான்.

மூன்றாம் நாள் அது மூலைக்குப் போய் முன்னங்காலால் கல்லைப் பிராண்டியது. பிராண்டும், நிற்கும், அடுத்த மூலைக்குப் போகும், அங்கேயும் பிராண்டும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். டைல்ஸ்காரர் கூண்டுக்கு முன்னால் மண்டி போட்டார். கல்லில் குறையா? ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி சொன்ன பேச்சைக் கேட்டது. கையை வைத்துச் சூடு பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சொரசொரப்பு காலைக் குத்துகிறதோ என்று ஒரு துணியை மடித்து விரித்தார். துரை துணியைச் சுருட்டித் தள்ளிவிட்டுக் கல்லையே பிராண்டியது. காகிதம் விரித்தார். கிழித்துவிட்டுப் பிராண்டியது. நகமெல்லாம் தேய்ந்து மழுங்கிவிட்டது. அவர் குனிந்து குனிந்து அதன் காலையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "துரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"சாப்பிடுதா?"

அன்று காலையிலிருந்து அது எதையும் தொடவில்லை. "சாப்பிடுது" என்றார்.

"தரை?"

"அதுக்கென்ன, பிரமாதமா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னார்? சொல்ல வாய் வரவில்லை ஐயா, அதுதான் காரணம். நான் போட்ட தரையில் மறுபடி ஏதோ தப்பு என்று எப்படிச் சொல்வார்? அந்த ஐந்து நாள் சாப்பாடு போய்விடும். எதிரில் வந்து உட்கார்ந்த தட்டு திரும்ப எழுந்து போய்விடும். நாளைக்குச் சரியாகிவிடும், சரியானதும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப் போட்டார். நாலாம் நாளும் கேட்டாள், ஐந்தாம் நாளும் கேட்டாள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு. வாய் கூசாமல் சொன்னார், போனை வைத்துவிட்டுக் கூண்டுக்கு முன்னால் வந்து, "என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சினார். அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது, பாவம், நாலு மூலையிலும்.

ஆறாம் நாள் காலையில் பிராண்டல் நின்றிருந்தது. துரை கல்லின் மேல் வயிறு பட உட்கார்ந்து, பட்டப்பகலில் இரண்டு கண்ணையும் மூடியிருந்தது. டைல்ஸ்காரர் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போட்டிருந்த சிமெண்டுச் சட்டையோடு ஓடினார்.

டாக்டரம்மா துரையைத் தூக்கிப் புரட்டி வயிற்றை விரலால் மெல்ல அழுத்தினார். முகம் மாறியது.

"எத்தன நாளா இப்படி?"

"மூணாம் நாள்லேருந்து தரையப் பிராண்டிச்சு. தரையில ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"இது பொண்ணு."

"என்னது?"

"பொண்ணுங்க. வயிறு பூரா முட்டை, இந்தப் பொட்டு நிறமெல்லாம் அதோட அடையாளம். போட எடம் தேடித்தான் எறங்கியிருக்கு, தோண்ட மண்ணு கேட்டிருக்கு. ஒரு வாளி ஈர மணல் வெச்சிருந்தா தோண்டிப் போட்டுட்டு மேல ஏறியிருக்கும். இப்ப முட்டை உள்ளயே சிக்கிக்கிச்சு."

"ஆம்பளையே இல்லாமயா..."

"கோழி போடலையா? குஞ்சு வராது, முட்டை வரும்."

"உதிரியா எதுவும் கூடாதுன்னு நீங்கதானே..." என்றார் டைல்ஸ்காரர்.

"தரைக்குக் கூடாதுன்னேன், அது சரிதான். துரை துரைன்னு சொன்னாங்க உங்க பொண்ணு, ஆணுன்னு நெனச்சுட்டேன். கேக்காதது என் தப்பு." டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "நீங்க வயித்தப் பாக்கவே இல்லையா? எவ்வளவு உப்பியிருக்கு பாருங்க."

"காலத்தான் பாத்தேன்" என்றார் டைல்ஸ்காரர்.

ஒரு ஊசி போட்டார்கள். வெட்டி எடுக்கிற அளவுக்கு அதன் உடம்பில் தெம்பில்லை. மணலில் வைத்துப் பாருங்கள், தானே போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று அனுப்பினார்கள். டைல்ஸ்காரர் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தார்.

"பாப்பா, நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில், "வர்றேன்" என்று மட்டும் கேட்டது.

மணலுக்கு அவர் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டு வாசலிலேயே, வேலைக்கு இறக்கின மணல் ஒரு குவியலாகக் கிடந்தது. தினமும் காலையும் மாலையும் அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தார். அந்தக் குவியலைப் பார்த்ததும் அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது; அடித்துக்கொண்டார். பிறகு சல்லடையில் இரண்டு தரம் சலித்தார். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தார். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், சொட்டவும் கூடாது. இருபத்தெட்டு வருஷக் கை, ஒரே தடவையில் பதம் வந்துவிட்டது. பெரிய வாளியில் முழங்கை ஆழத்துக்கு நிரப்பி, துரையை அதன் மேல் வைத்து, யாரும் பார்க்காதபடி சுற்றிலும் துணி கட்டினார். பார்த்தால் போடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, மணல் பறிபடுகிற சத்தம் கேட்டது. தேய்ந்த நகத்தோடு அது தோண்டிக்கொண்டிருந்தது. டைல்ஸ்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை துணியை விலக்கிப் பார்த்தபோது, தலை குழிக்குள்ளும் வால் வெளியிலுமாகத் துரை கிடந்தது. தொட்டுப் பார்த்தார். மணலைவிடச் சில்லென்றிருந்தது. அருகில் வெள்ளை வெளேரென்று ஒன்பது முட்டைகள். உள்ளே எத்தனை நின்றுபோயினவோ.

மகள் மத்தியானம் வந்தாள். பையைக்கூட இறக்காமல் வாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாள் பிராண்டிச்சு?"

"மூணு நாள்."

"தெனமும் கேட்டேனே."

"கேட்ட."

"தரை எப்படின்னுகூடக் கேட்டேன்."

"ஆமா. கேட்ட."

அவள் எழுந்து முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். ரப்பர் விரிப்பு அவள் காலடியில் சளக்கென்று சத்தமிட்டது. அந்தச் சத்தத்தைப் பதினோரு மாசமாகத் தினமும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அது காதில் அறைந்தது.

அவள் வெளியே வந்ததும் அவர் உள்ளே போனார், கையில் சுத்தியலும் உளியும். விரிப்பை உருவி வெளியே எறிந்தார். வெள்ளைக் கல் பளபளவென்று அப்படியே இருந்தது. முதல் கல்லின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தார். அசையவில்லை. மறுபடி அடித்தார். அடியில் துளி இடைவெளி இல்லாமல், அவ்வளவு நேர்த்தியாகப் பதித்திருந்தார். ஒரு கல்கூட முழுசாகப் பெயரவில்லை. எல்லாம் சில்லுச் சில்லாகத்தான் வந்தது. கையில் கிழித்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

மகள் குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"அவ சொன்னா" என்றார் அவர், நிமிராமல். "வழுக்கும்னு சொன்னா. நான்தான் கேக்கல. என் தப்புதான் பாப்பா. என் தப்புதான்."

உளிச் சத்தம் நின்று போயிருந்தது. அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். பரவாயில்லைப்பா என்று அவள் சொல்லவில்லை. அழவுமில்லை. பிறகு கூண்டருகில் போய், அந்தச் சாம்பல் கல்லை உருவி எடுத்து, துடைத்து, கொண்டுவந்து அவர் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அம்மா கேட்டதையே போடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, துரையைப் புதைக்க வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவரைக் கூப்பிடவில்லை.